வேப்பமரத்தைச் சுற்றி ஒரு பரண்

கேள்வி: கொருக்குப்பேட்டையில் சொந்த வீடு. கொல்லையில் மாமனார் நட்ட வேப்பமரம், முப்பது வயதிருக்கும். போனில் சுவீடன் மர வீடு ஒன்றைப் பார்த்ததிலிருந்து அதே மாதிரி வேண்டும் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். நம்ம ஊர் புயலுக்குத் தாங்குமா? மரம் பட்டுப்போகுமா?

பதில்: பிள்ளைகள் பார்த்தது ஹராட்ஸ் கிராமத்துக் கண்ணாடி அறையாக இருக்கும். 2010-இல் திறந்த விடுதி அது. நீளம், அகலம், உயரம் மூன்றும் 4 மீட்டர். முகம் பார்க்கும் கண்ணாடி போன்ற சுவரில் சுற்றியுள்ள காடே தெரிவதால் அறை இருப்பதே சட்டென்று புலப்படாது. என் மனம் கவர்ந்தது வேறு ஒன்று: ஜப்பானின் சினோ நகரில் கட்டடக் கலைஞர் தெருநொபு ஃபுஜிமோரி 2004-இல் கட்டிய தேநீர்க் குடில். மலையிலிருந்து வெட்டி வந்து நட்ட இரண்டு செஸ்ட்நட் மரங்கள்தான் அதற்குக் கால்கள். ஏணியில் ஏறித்தான் உள்ளே போக வேண்டும். இந்தோனேசியாவின் பப்புவாவில் வாழும் கொரோவாய் மக்களோ நடுவில் ஒரு மரமும் சுற்றிலும் கம்பங்களுமாக வீட்டை உயர்த்திக்கொள்கிறார்கள்.

உங்கள் கொல்லைக்கு இந்தக் கடைசி வழியே ஏற்றது. நமக்கும் புதிதல்ல; வள்ளி தினைப்புனம் காத்தது பரண் மேல் நின்றுதானே.

வேம்பு உறுதியான மரம். முருங்கையாக இருந்தால் உடனே வேண்டாம் என்றிருப்பேன். ஆனாலும் பாரத்தை வேம்பின் மேல் ஏற்றாதீர்கள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா அடித்தபோது சென்னையில் எத்தனை பெரிய மரங்கள் வேரோடு சாய்ந்தன! கிளைமேல் சுவரும் கூரையும் வைத்தால் பாய் விரித்த படகு மாதிரி காற்றை வாங்கும்; அந்த இழுப்பெல்லாம் வேருக்குத்தான் போகும்.

அதனால் நான்கு கால் நட்டு, மரம் நடுவே வருகிற மாதிரி தளம் போடுங்கள். அடிமரத்தைச் சுற்றி நான்கு விரல் இடைவெளி இருக்கட்டும். காற்றில் ஆடவும் வருஷா வருஷம் பருக்கவும் மரத்துக்கு இடம் வேண்டும். குழியைக் கையால் தோண்டுங்கள். தடித்த வேர் தட்டுப்பட்டால் வேரை வெட்டாமல் குழியைத் தள்ளிப் போடுங்கள். அடிமரத்தில் கயிறோ கம்பியோ இறுக்கிக் கட்டவே கூடாது. இலை சமைக்கும் உணவு பட்டைக்குள்தான் கீழே இறங்குகிறது. மரம் பருக்கப் பருக்கக் கட்டு உள்ளே புதைந்து அதை நெரித்துவிடும். மரம் இப்படியும் பட்டுப்போகலாம்.

உப்புக்காற்றில் சாதா போல்ட் சீக்கிரம் துருப்பிடிக்கும். துத்தநாகம் முக்கியெடுத்த போல்ட்டாகக் கேட்டு வாங்குங்கள். கூரைக்கு ஆணி வேண்டாம், கட்டுமரம் கட்டுகிற மாதிரி கயிறு போதும். காசிமேட்டில் நல்ல நைலான் கயிறு கிடைக்கும். ஐப்பசி பிறந்ததும் அவிழ்த்து வைத்துவிடலாம். புயல் சின்னம் என்று செய்தி வந்தால் பிள்ளைகள் ஏறக்கூடாது.

தளம் 5 அடி உயரம் போதும், கைப்பிடி 3 அடி. கம்பிகளுக்கு இடையே சின்னப் பிள்ளையின் தலை நுழையக்கூடாது. கீழே மணலைக் கொட்டி வையுங்கள். ஈபி ஒயர் கை எட்டும் தூரத்தில் போனால் அதை மாற்றிய பிறகே வேலை தொடங்க வேண்டும்.

மழை ஓய்ந்து தையில் ஆரம்பித்தால் பங்குனிக்குள் முடியும். வருஷப் பிறப்புப் பச்சடிக்கு வேப்பம்பூவைப் பிள்ளைகள் பரணில் நின்றே பறித்துத் தருவார்கள்.