கேலரியில் முதல் ஓவியம் வாங்கப் போகிறீர்களா?

கேள்வி: தாம்பரம் பக்கம் புது வீடு வாங்கியிருக்கிறோம். ஹாலில் மாட்ட ஒரு நல்ல ஓவியம் வேண்டும், அச்சடித்தது இல்லாமல் இன்றைய ஓவியர் ஒருவர் கையால் வரைந்தது. 40,000 ரூபாய் வரை செலவு செய்யலாம். ஆனால் கேலரிக்குள் போகவே தயக்கமாக இருக்கிறது, அங்கே விலையும் எழுதியிருப்பதில்லை. எதைப் பார்த்து முடிவு செய்வது?

பதில்: முதலில் அந்தத் தயக்கத்தை விடுங்கள். கேலரியும் ஒரு கடைதான், சும்மா பார்த்துவிட்டு வருகிறவர்கள்தான் அங்கே அதிகம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். ஓவியத்துக்குப் பக்கத்தில் உள்ள சின்ன அட்டையில் ஓவியர் பெயர், தலைப்பு, எதில் வரைந்தது, அளவு, ஆண்டு எல்லாம் இருக்கும், விலை மட்டும் பெரும்பாலும் இருக்காது. மேசையில் போய் ‘பிரைஸ் லிஸ்ட் பார்க்கலாமா’ என்று கேளுங்கள், தருவார்கள். அட்டையில் சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தால் அந்தப் படம் விற்றுவிட்டது.

ஆனால் வாங்குவதற்கு முன்னால் கண் கொஞ்சம் பழக வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கும் சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்குக் குடும்பத்தோடு போய் வாருங்கள். 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவரோடு சேர்ந்த இளம் ஓவியர்களும், பாத்திக் துணியும் கைவினைப் பொருட்களும் செய்து விற்ற காசில் நிலம் வாங்கி உருவாக்கிய இடம் அது. சென்னை ஓவியக் கல்லூரியிலிருந்து வந்த அந்தத் தலைமுறையின் படங்களை அங்குள்ள அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். பணிக்கரின் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசைப் படம் எங்கே கிடைத்தாலும் அதன் முன்னால் நில்லுங்கள்: ஜாதகக் கட்டம் மாதிரி கட்டங்கள், கணக்குப் போட்டது மாதிரி குறிகள், எழுத்துபோலத் தெரிந்து வாசிக்கப்போனால் பிடிபடாத வரிகள். அர்த்தம் தேடாமல், எங்கே நெருக்கியிருக்கிறார், எங்கே இடம் விட்டிருக்கிறார் என்று மட்டும் பாருங்கள். அடுத்து கே.எம். ஆதிமூலத்தின் காந்தி கோட்டோவியங்கள். உருவத்துக்கு விளிம்பு போட்டுவிட்டு உள்ளே நிரப்பும் வேலை அதில் இல்லை, கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஓடி, நெருங்கும் இடத்தில் நிழலாகின்றன, விலகும் இடத்தில் காகிதத்தின் வெள்ளையே நெற்றியாகவும் தோளாகவும் நிற்கிறது. இதையெல்லாம் நின்று பார்த்த கண்ணோடு கேலரிக்குப் போனால், எந்தப் படத்தில் கோடு உயிரோடு இருக்கிறது, எதில் அலங்காரத்துக்காக வண்ணத்தை அள்ளிப் பூசியிருக்கிறார்கள் என்பது உங்களுக்கே மெல்லப் பிடிபடும்.

இந்த ஊர் ஓவியர்களிடம் கோடு எப்போதுமே பலம். அதனால்தான் 40,000 ரூபாயை வைத்துக்கொண்டு சுவர் நிறையப் பெரிய கேன்வாஸ் தேடாதீர்கள் என்கிறேன். நம் ஊரில் ஒரே ஓவியரின் படங்களுக்கு விலை பெரும்பாலும் அளவை வைத்துத்தான் ஏறும், அப்புறம் கேன்வாஸைவிடக் காகிதத்தில் செய்தது குறைவான விலைக்குக் கிடைக்கும். இந்தத் தொகைக்குப் பெரிய கேன்வாஸ் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் சுமாரான படத்தோடு திரும்பி வர வேண்டியிருக்கும். அதே பணத்துக்கு, நிதானமாக வளர்ந்துவரும் ஓவியர் ஒருவரின் நல்ல இங்க் டிராயிங்கோ, கரித்துண்டால் வரைந்த சார்கோலோ, வாட்டர்கலரோ கிடைக்க வாய்ப்பு அதிகம். எச்சிங் (அமிலத்தால் கோடு அரித்த உலோகத் தகட்டிலிருந்து எடுப்பது) மாதிரி கையால் அச்செடுத்தவற்றையும் ஒதுக்க வேண்டாம், 5/20 என்று பென்சிலில் எண் போட்டு ஓவியர் கையெழுத்துப் போட்டிருப்பார், இருபதில் ஐந்தாவது பிரதி என்று பொருள், அதுவும் மூலப் படைப்புதான். டிஜிட்டலாகக் கேன்வாஸில் அச்சடித்து தூரிகைத் தடம் மாதிரி தெரிய மேலே ஜெல் தடவி விற்பது வேறு. பக்கவாட்டில் வெளிச்சம் பிடித்துப் பாருங்கள்: தூரிகைத் தடமும் வண்ணம் மாறும் இடமும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்றால் சந்தேகப்படுங்கள்.

விலையில் ஒரு பெரிய பங்கு, சில இடங்களில் பாதி வரைக்கும், கேலரியின் கமிஷன். வாடகை, விளக்கு, அழைப்பிதழ், கேட்லாக் என்று அவர்களுக்கும் செலவு இருக்கிறது. கண்காட்சியில் பார்த்துவிட்டு ஓவியரின் எண்ணைத் தேடிப்பிடித்து ‘நேரடியாகக் குறைத்துத் தருவீர்களா’ என்று கேட்காதீர்கள், அது அவரைத்தான் சங்கடத்தில் தள்ளும். கேலரியிடமே கொஞ்சம் குறைக்க முடியுமா, தவணையில் கட்டலாமா என்று நேராகக் கேட்கலாம், அதில் ஒன்றும் கேவலம் இல்லை. சொன்ன விலையில் ஜிஎஸ்டியும் பிரேமும் சேர்ந்ததா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

பில்லும், படத்தின் போட்டோ, ஆண்டு, அளவு, எதில் வரைந்தது என்பதெல்லாம் குறிப்பிட்டு ஓவியர் கையெழுத்திட்ட சான்றிதழும் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். படம் உங்களுடையது ஆனாலும் காப்புரிமை ஓவியரிடமே இருக்கும், அதை எடுத்துக் காலண்டரில் அச்சடிக்கும் உரிமை உங்களுக்கு வராது. நாளைக்கு விலை ஏறும் என்று யாராவது சொன்னால் அதை நம்பி வாங்க வேண்டாம். ஏலத்தில் மறுபடி விற்பனையாகிற ஓவியர்கள் கொஞ்சம் பேர்தான், மற்றவர்களின் படத்தைத் திருப்பி விற்பது கஷ்டம். தினமும் பார்க்கப்போவது நீங்கள்தானே, இரண்டாம் முறை போய்ப் பார்க்கும்போதும் அதே படத்தின் முன்னால் கால் நின்றால் வாங்குங்கள்.

பிரேம் விஷயத்தில் மட்டும் சிக்கனம் வேண்டாம். காகிதப் படத்துக்கு அமிலம் இல்லாத மவுண்ட் போர்டு (படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஓரமாக வரும் அட்டை) போடச் சொல்லுங்கள், சாதா அட்டை போட்டால் நாளடைவில் ஓரமெல்லாம் பழுத்துவிடும். கண்ணாடி படத்தைத் தொடக் கூடாது, மவுண்டின் கனம் அந்த இடைவெளியைத் தரும். வெயில் நேராக விழும் சுவர், பாத்ரூமை ஒட்டிய சுவர், மழையில் ஓதம் ஏறும் வெளிச்சுவர் மூன்றும் ஆகாது. வேறு வழியில்லாமல் வெளிச்சுவரில்தான் மாட்ட வேண்டும் என்றால் பிரேமின் பின்னால் நான்கு மூலையிலும் தக்கைத் துண்டு ஒட்டுங்கள், காற்று போய்வர இடம் கிடைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மாதம் ஒருமுறை கழற்றிப் பின்பக்கம் பாருங்கள், பூஞ்சைப் புள்ளி தெரிந்தால் ஈரத்துணியால் துடைக்காமல் படத்தை வாங்கிய கேலரிக்கே போன் செய்து, காகிதப் படங்களைப் பழுது பார்ப்பவர் யார் என்று கேளுங்கள்.