பதில்: ஒரே தொடை எலும்பில் ஸ்ட்ரான்சியம் அளவு இடத்துக்கு இடம் மாறுவது

மண்ணில் புதைந்திருந்த ஒரே எலும்பில் ஸ்ட்ரான்சியம் இரண்டு மடங்கு வரை மாறுகிறது, அது உணவின் அடையாளமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட வேண்டாம். முதலில் எக்ஸ்ஆர்எஃப் கருவிக்கும் (எக்ஸ்-கதிரைப் பாய்ச்சி, ஒவ்வொரு தனிமமும் திருப்பி வெளிவிடும் கதிரை அளக்கும் கருவி) எலும்புக்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். வளைந்த பரப்பில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விழுந்தாலும், 2.01 கிலோ எலக்ட்ரான் வோல்ட் பாஸ்பரஸ் கதிரில் ஒரு பகுதியைக் காற்றே விழுங்கிவிடும். கால்சியம் கதிர் (3.69 கிலோ எலக்ட்ரான் வோல்ட்) சில பத்து மைக்ரான் ஆழத்திலிருந்துதான் வெளிவரும், ஸ்ட்ரான்சியம் (14.16) ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் ஆழத்திலிருந்தும் வரும். ஆகவே எலும்பைப் பாதுகாக்க மேலே பூசிய பசை கால்சியத்தைக் குறைத்துக் காட்டும், ஸ்ட்ரான்சியம்–கால்சியம் விகிதம் செயற்கையாக உயரும். இதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள்.

தட்டையான, பசையில்லாத இடமாகத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் மூன்று முறை அளவிடுங்கள். ஸ்ட்ரான்சியத்துக்கு 40 கிலோ வோல்ட், வடிகட்டியுடன். பாஸ்பரஸுக்கு 15 கிலோ வோல்ட், வடிகட்டி இல்லாமல், முடிந்தால் இடையே காற்றுக்குப் பதில் ஹீலியத்துடன். எலும்பின் அடிப்படைக் கனிமமான ஹைட்ராக்சிஅபடைட் தூயதாக இருந்தால், கால்சியம்–பாஸ்பரஸ் எடை விகிதம் சுமார் 2.16. உங்கள் எண் அதைவிட நன்றாகக் கூடினால், துளைகளில் கால்சைட் (கால்சியம் கார்பனேட் கனிமம்) படிந்திருக்கலாம்.

இரும்பு, மாங்கனீசு, இட்ரியம், யுரேனியம் சேர்ந்து உயர்ந்திருந்தால் அது மண் தந்தது, உணவு தந்ததல்ல. யுரேனியத்தின் 13.61 கோடு ரூபிடியத்தின் 13.39 மேல் ஏறிக்கொள்ளும். கருவி தானாகச் சொல்லும் ரூபிடியத்தை நம்பாதீர்கள், நிறமாலையைத் திறந்து பாருங்கள்.

கருவியைச் சரிபார்க்க, அமெரிக்கத் தர நிறுவனமான என்ஐஎஸ்டி-யின் 1400 எண் எலும்புச் சாம்பல் மாதிரி போதும்: அதன் ஸ்ட்ரான்சியம் கிராமுக்கு 249 மைக்ரோகிராம். பல் எனாமல் கிடைத்தால் அதையும் அளந்துவிடுங்கள், எலும்பைவிட அது மண்ணின் பாதிப்பை நன்றாகத் தாங்கும்.