ரிப்பர் டைரி: விவாதத்தை மையில் தொடங்காதீர்கள்

கேள்வி: எங்கள் வாசகர் வட்டத்தில் அடுத்த மாதம் ‘ஜாக் தி ரிப்பர் டைரி’ பற்றி விவாதம். அது போலி என்று பேச வேண்டியவன் நான். எதிரணி நண்பர், “மையைச் சோதித்தவர்களே ஒரு முடிவுக்கு வரவில்லை. நான்தான் எழுதினேன் என்று சொன்ன ஆளும் பேச்சை மாற்றிவிட்டார். அப்புறம் எப்படிப் போலி?” என்கிறார். நான் எங்கே தொடங்குவது?

பதில்: போலி என்ற உங்கள் பக்கம்தான் சரி. ஆனால் நண்பர் இழுக்கிற இடத்துக்கே போய் மையைப் பற்றி வாதாடினால் சிக்கிக்கொள்வீர்கள். மையைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

விஷயம் தெரியாதவர்களுக்காக முதலில் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுங்கள். 1888 ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை கிழக்கு லண்டனின் வைட்சேப்பல் பகுதியில் ஐந்து பெண்கள் கொல்லப்பட்டார்கள். கொலைகாரன் பிடிபடவே இல்லை, அவனுக்கு ஒட்டிக்கொண்ட பெயர்தான் ‘ஜாக் தி ரிப்பர்’. 1992-இல் லிவர்பூலைச் சேர்ந்த மைக்கேல் பாரெட் ஒரு பழைய நோட்டை லண்டனில் இருந்த இலக்கிய முகவரிடம் கொண்டுவந்தார். அறுபதுக்கும் மேற்பட்ட பக்கங்களில் கையெழுத்து. கடைசிப் பக்கத்தில் 1889 மே 3 என்ற தேதியும் ‘ஜாக் தி ரிப்பர்’ என்ற ஒப்பமும். உள்ளே வரும் தகவல்கள் எல்லாம் லிவர்பூல் பஞ்சு வியாபாரி ஜேம்ஸ் மேப்ரிக்கைக் காட்டுகின்றன. அவர் அதே மாதம் 11-ஆம் தேதி இறந்தார். ஆர்சனிக் விஷம் கொடுத்துக் கொன்றதாக அவர் மனைவி ஃப்ளாரன்ஸ் தண்டிக்கப்பட்டார்.

முதலில் நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அது அசலான பழைய நோட்டு, அதில் தகராறு இல்லை. ஆனால் அது டைரியாக விற்ற நோட்டு அல்ல, படங்களும் துண்டுகளும் ஒட்டி வைக்கிற ஆல்பம். அதன் முன்பக்கத் தாள்கள் வெட்டி எடுக்கப்பட்டிருக்கின்றன. அதற்குப் பிறகுதான் எழுத்து ஆரம்பிக்கிறது. ஆவணக் காப்பக வேலையில் பழைய கணக்கு நோட்டுகளை நிறையப் புரட்டியவன் நான். முதுகுத் தையலோரம் வெட்டின தாளின் விளிம்பு விரல் அகலத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தால், எங்கள் மனதில் எழும் முதல் கேள்வி: அந்தப் பக்கங்களில் என்ன இருந்தது, யார் கண்ணுக்கு அது படக்கூடாது? வசதியான பஞ்சு வியாபாரிக்குப் புது நோட்டு வாங்கக் காசில்லையா? யாரோ பயன்படுத்திய ஆல்பத்தை அறுத்து எழுத வேண்டிய கட்டாயம், பழைய தாள் தேவைப்படுகிறவனுக்குத்தான் வரும். ஹிட்லர் எழுதியதாகச் சொல்லி வந்த போலி ‘ஹிட்லர் டைரி’யை ஆராய்ந்த ஆவண நிபுணர் கென்னத் ரெண்டல் 1993-இல் இந்த நோட்டையும் பார்த்தார். அவரை உறுத்தியதும் இதுதான். அவர் அறிக்கைக்குப் பிறகு அமெரிக்கப் பதிப்பகம் புத்தகத்திலிருந்து விலகிக்கொண்டது.

இத்துடன் ஒரு தகவலைச் சேர்த்துச் சொல்லுங்கள். உங்கள் தரப்பில் இதைவிட வலுவானது எனக்குத் தெரிந்து இல்லை. 1992 மார்ச்சில், டைரியை முகவரிடம் காட்டுவதற்கு முன்பே, பாரெட் ஒரு புத்தக வியாபாரி மூலம் பழைய டைரி தேடியிருக்கிறார். பழைய புத்தக வியாபாரிகள் பார்க்கும் இதழில் விளம்பரமே வந்தது. கேட்டது என்ன தெரியுமா? 1880-க்கும் 1890-க்கும் இடைப்பட்ட டைரி, அதில் குறைந்தது 20 வெற்றுப் பக்கங்கள். வந்து சேர்ந்தது 1891-ஆம் வருடத்துச் சின்ன டைரி, அது இந்தக் காரியத்துக்கு உதவாது. “விக்டோரியா காலத்து டைரி எப்படி இருக்கும் என்று ஒப்பிட்டுப் பார்க்க வாங்கினார்” என்று நண்பர் சொல்லக்கூடும். ஒப்பிட்டுப் பார்க்க வெற்றுப் பக்கம் எதற்கு என்று மட்டும் கேளுங்கள்.

அடுத்தது கையெழுத்து. மேப்ரிக்கின் உயில் இருக்கிறது, தேதி 1889 ஏப்ரல் 25. டைரியின் கடைசித் தேதி மே 3. நடுவில் எட்டே நாள். இரண்டும் ஒரே கை இல்லை. அது மட்டுமல்ல, ரிப்பர் என்ற பெயரை உலகுக்குத் தந்தது 1888 செப்டம்பரில் ஒரு லண்டன் செய்தி நிறுவனத்துக்கு வந்த சிவப்பு மைக் கடிதம். அந்தப் பெயரைத் தனக்குத் தானே சூட்டிக்கொண்டதாக டைரிக்காரர் எழுதுகிறார். அந்தக் கடிதம் இன்றும் இருக்கிறது. அதன் கையெழுத்தும் டைரியோடு ஒத்துப்போகவில்லை. உயில் பொய், மனநிலை மாறினால் கையெழுத்தும் மாறும் என்றெல்லாம் பதில் வரும். டைரியைக் காப்பாற்ற மற்ற எல்லா ஆவணத்தையும் சந்தேகிக்க வேண்டியிருக்கிறதே, அதைக் கூட்டத்துக்குச் சுட்டிக்காட்டுங்கள்.

இப்போது உள்ளே எழுதியிருப்பதற்கு வருவோம். ஐந்து பெண்களில் ஒருவரான கேத்தரின் எடோஸ் கொல்லப்பட்ட இரவு அவரிடம் இருந்த பொருள்களைக் காவல்துறை பட்டியல் போட்டது. அதில் ஒரு வரி, ‘டின் மேட்ச் பாக்ஸ் எம்ப்டி’. தகர வத்திப்பெட்டி, காலி. அந்த முழுப் பட்டியல் கோப்பிலேயே கிடந்து, 1980-களில்தான் புத்தகங்களில் அச்சானது. டைரியில் அதே வார்த்தைகள் அதே வரிசையில் வருகின்றன. கொலைகாரனுக்குப் பெட்டி காலி என்று தெரிந்திருக்கலாமே என்பார்கள். தெரிந்திருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் மனிதர்கள் ஞாபகத்திலிருந்து அப்படி எழுத மாட்டார்கள். ‘வத்திப்பெட்டி காலியாக இருந்தது’ என்று எழுதுவார்கள். பொருளை முன்னால் போட்டு நிலைமையைப் பின்னால் ஒட்டுவது கணக்கெடுக்கிற குமாஸ்தாவின் பழக்கம். அந்த நடை டைரிக்குள் வந்தது பட்டியலைப் பார்த்து எழுதியதால்தான் என்பது என் முடிவு.

இதற்கு நேர்மாறாக ஒரு தவறும் இருக்கிறது. ஐவரில் இன்னொருவரான மேரி ஜேன் கெல்லியின் உடலை ஆராய்ந்த டாக்டர் தாமஸ் பாண்டின் அறிக்கைக்கும் டைரி சொல்வதற்கும் ஓரிடத்தில் முரண்பாடு. கொலைகாரன் மேசையில் எதை வைத்தான் என்பதில் டைரிக்காரர் தப்பாகச் சொல்கிறார், அந்தத் தப்பு 1888 செய்தித்தாள்களில் வந்து பிறகு புத்தகங்களிலும் தொற்றிக்கொண்டது. அந்த அறையில் இருந்தவனுக்கு வரக்கூடாத தப்பு. அப்புறம், டைரியில் வரும் ‘ஒன் ஆஃப்’ என்ற சொல், ஒரே ஒரு தடவை நடந்தது என்ற பொருளில், இருபதாம் நூற்றாண்டில்தான் புழக்கத்துக்கு வந்தது.

சரி, பாரெட்டின் வாக்குமூலம். 1994-இல் தானே எழுதியதாகச் சொன்னார், அவருடைய வழக்கறிஞரே அதை மறுத்தார். 1995 ஜனவரியில் சத்தியப் பிரமாணமே எழுதிக்கொடுத்தார், பிறகு அதிலும் நிற்கவில்லை. அவர் பேச்சை நம்பி வாதத்தைக் கட்டாதீர்கள். நண்பர் இரண்டு கேள்விகளை ஒன்றாகக் குழப்புகிறார்: மேப்ரிக் எழுதினாரா என்பது ஒன்று, பாரெட் எழுதினாரா என்பது வேறொன்று. பாரெட் எழுதவில்லை என்று நாளைக்கே நிரூபணம் ஆனாலும் மேப்ரிக் எழுதியதாக ஆகிவிடாது. மேப்ரிக் ஒரு காலத்தில் வாழ்ந்த வீட்டில் 1992 மார்ச் 9-இல் மின் வேலை நடந்தபோது தரைப்பலகைக்கு அடியில் டைரி கிடைத்தது என்ற வாதத்துக்கும் இதே பதில்தான். எங்கே கிடந்தது என்பது யார் எழுதியது என்பதைச் சொல்லாது.

மைக்கு இரண்டு நிமிடம் போதும். ஹிட்லர் டைரியில் தாளே போருக்குப் பிந்தையது, அதனால் 1983-இல் ஆய்வகம் ஒரே அடியில் முடித்தது. இங்கே தாள் பழையது. மையில் அது கெடாமலிருக்கச் சேர்க்கும் நவீன வேதிப்பொருள் இருக்கிறது என்று ஒரு ஆய்வகமும் இல்லை என்று இன்னொன்றும் சொல்லின. இல்லை என்பதே சரி என்று வைத்துக்கொண்டாலும், உயிலும் வத்திப்பெட்டியும் அப்படியேதான் நிற்கும்.

ஒரு வேண்டுகோள். டைரியின் கொடூரமான பகுதிகளை மேடையில் வாசிக்காதீர்கள். செத்துப்போன பெண்களைப் பற்றி யாரோ கற்பனை செய்து எழுதிய வரிகள் அவை. ஃப்ளாரன்ஸுக்கு முதலில் தூக்கு விதித்தார்கள், பிறகு குறைத்தார்கள், 1904-இல்தான் வெளியே வந்தார். அவர் வாழ்க்கையும் இந்த நோட்டில் விலை பேசப்பட்டது. உங்கள் வாதத்துக்கு அந்தப் பக்கங்கள் தேவையும் இல்லை. ‘தகர வத்திப்பெட்டி, காலி’ என்று பலகையில் எழுதிவிட்டு, இப்படி யார் எழுதுவார்கள் என்று கூட்டத்தையே கேளுங்கள்.