சென்னைக் குடிநீரில் மருந்து, ரசாயனம் கலந்திருக்கிறதா? காய்ச்சினால் போய்விடுமா?

காய்ச்சினால் கிருமிதான் சாகும். நைட்ரேட்டும் உப்பும் அப்படியே இருக்கும். தண்ணீர் வற்ற வற்ற அவற்றின் அளவு லிட்டருக்குக் கொஞ்சம் கூடவே செய்யும். மருந்து எச்சங்களையும் காய்ச்சி விரட்டிவிடலாம் என்று நம்ப முடியாது.

வேளச்சேரியில் எங்கள் வீட்டுக்கு ஒருமுறை ஃபில்டர் விற்க ஒருவர் வந்தார். எங்கள் போர் தண்ணீர் ஒரு டம்ளர், அவர் கொண்டுவந்த ஆர்ஓ தண்ணீர் ஒரு டம்ளர். இரண்டிலும் கம்பிகளை விட்டு ஸ்விட்சைப் போட்டார். எங்கள் டம்ளர் செம்மண் குட்டையாகிவிட்டது. "பாத்தீங்களா சார், எல்லாம் கெமிக்கல்" என்றார். அம்மா மிரண்டு போனார். நான் அவருடைய தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு மறுபடி செய்யச் சொன்னேன். அதுவும் குழம்பியது! அந்த அழுக்கு, கருவியின் இரும்புக் கம்பி கரைந்து வந்தது. உப்பிருந்தால் மின்சாரம் பாயும், கம்பி கரையும். ஆர்ஓ தண்ணீரில் உப்பு குறைவு, அவ்வளவுதான்.

டிடிஎஸ் பேனாவும் இதே ரகம். அது காட்டுவது உப்பின் அளவு, மில்லிகிராமில். மருந்து எச்சம் இருந்தால் அது நானோகிராம் கணக்கு (மில்லிகிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு), பேனாவுக்கு எட்டாது.

இந்த மருந்து எச்சங்கள் பெரும்பாலும் நம் வயிற்றிலிருந்தே தண்ணீருக்குப் போகின்றன. அம்மா தினமும் போடும் சர்க்கரை மாத்திரை மெட்ஃபார்மின், உடலில் மாறாமல் சிறுநீரில் வெளியேறிவிடும். வலிப்புக்குத் தரும் கார்பமசெபைன், கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தையும் பெருமளவு தாண்டிவிடும். குடிநீருக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 10500இல் நைட்ரேட்டுக்கு வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம் என்று இருக்கிறது. மாத்திரைகளுக்கு வரம்பே இல்லை.

அதற்காக நடுங்க வேண்டாம். குடிநீரில் பொதுவாகக் காணப்படும் இந்த நுண்ணளவுகளால் மனிதருக்குக் கேடு வர வாய்ப்பு மிகக் குறைவு என்றே உலக சுகாதார நிறுவனம் 2012இல் சொன்னது. மருந்தாலைக் கழிவு விழும் இடம் வேறு கதை. ஐதராபாத் அருகே படான்சேருவில், சுத்திகரித்து வெளிவந்த கழிவுநீரிலேயே லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக் இருந்ததை 2007இல் வெளியான ஆய்வு காட்டியது.

புழல், செம்பரம்பாக்கம், வீராணம் ஏரித் தண்ணீரைவிட, செப்டிக் டேங்க் பக்கத்தில் போட்ட போரைத்தான் நான் சந்தேகப்படுவேன். அதை ஆய்வகத்தில் கொடுத்து நைட்ரேட்டும், மலக்கிருமியான ஈகோலையும் இருக்கிறதா என்று பாருங்கள். மருந்துதான் கவலை என்றால் ஆர்ஓவும் கார்பன் ஃபில்டரும் பெருமளவு பிடிக்கும். கார்பனைக் காலத்தில் மாற்றாவிட்டால் பிடித்ததையே திருப்பி விடும். அப்புறம், மிச்ச மாத்திரைகளைக் கழிப்பறையில் கொட்டாதீர்கள். நானும் முன்பு கொட்டியவன்தான்.