மூஸ் வேட்டைக்குக் கொண்டுபோகும் .30-06 துப்பாக்கியால் வழியில் தென்படும் கிரவுஸையும் முயலையும் சுடலாமா? அலாஸ்காவில் சாலையோரச் சட்டம் என்ன சொல்கிறது?

கேட்டவர் செப்டம்பரில் அலாஸ்காவுக்கு, மூஸ் என்னும் மிகப் பெரிய மானை வேட்டையாடப் போகிறார். கையில் இருப்பது .30-06 என்ற பெரிய விலங்கு வேட்டை ரைஃபிள் ஒன்றுதான். வழியில் கிரவுஸோ (கோழி போன்ற காட்டுப் பறவை) முயலோ கண்ணில் பட்டால் அதாலேயே சுடலாமா, சாலையில் நின்றபடியே சுடலாமா என்பது கேள்வி. முதலாவதைச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் தலையில் மட்டும், பின்னால் குண்டை வாங்கிக்கொள்ள மண் இருந்தால் மட்டும் சுடுங்கள். இரண்டாவது கூடவே கூடாது.

180 கிரெய்ன் எடையுள்ள குண்டு .30-06 குழலிலிருந்து வினாடிக்கு ஏறத்தாழ 2,700 அடி வேகத்தில் கிளம்புகிறது. அதன் ஆற்றல் சுமார் 2,900 அடி-பவுண்ட். சிறு விலங்குகளுக்கான சின்ன ரைஃபிளின் சாதாரண .22 தோட்டாவுக்கு 130 அளவில்தான் இருக்கும். இருபது மடங்குக்கும் மேலான இந்த ஆற்றல், ஒன்றரை பவுண்டுகூட எட்டாத பறவையின் நெஞ்சில் இறங்கினால் எடுத்துச் சமைக்க ஒன்றும் மிஞ்சாது. கிரவுஸ், அதன் இனப் பறவையான டார்மிகன் இரண்டின் நெஞ்சுக்கறியையும் உணவுக்காக எடுத்தே ஆக வேண்டும் என்பது அலாஸ்கா விதி. அதனால் உடம்பில் சுடுவது என்ற யோசனையையே விட்டுவிடுங்கள். முயலுக்கும் இதுதான். வயிற்றில் பட்டால் குடல் கிழிந்து கறி முழுக்க அசுத்தமாகிவிடும். வடபகுதி முயல்களில், மனிதருக்கும் தொற்றும் துலரீமியா என்ற பாக்டீரியா நோய் உண்டு என்பதால் எப்படியும் கையுறை போட்டுத்தான் உரிக்க வேண்டும்.

பலரும் நினைப்பதுபோல் கறியைச் சிதைப்பது குண்டின் பருமன் அல்ல. வேகமும், பட்டதும் குண்டு விரியும் விதமும்தான். கரடியிடமிருந்து தற்காப்புக்காக .45-70 என்ற பருத்த குண்டு ரைஃபிள் வைத்திருப்பவர்கள் 405 கிரெய்ன் ஈயக் குண்டை வினாடிக்கு 1,300 அடி அளவில் விட்டால், அது .30-06ஐவிடப் பெரிய துளை போட்டாலும் சுற்றியுள்ள சதையை அவ்வளவு கெடுக்காது. அதே நேரத்தில், சிறு விலங்குக்கென்று மெல்லிய உறையுள்ள வேகமான குண்டை வாங்கிப் போடுவது தலைகீழான வேலை. அது பட்ட இடத்திலேயே வெடித்து, பொடி ஈயத்தைக் கறிக்குள் விதைத்துவிடும்.

தலையைக் குறிவைத்தும் ஏன் தவறுகிறது? துப்பாக்கியின் மேலுள்ள குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பின் மையம் குழலின் மையத்துக்கு ஒன்றரை அங்குலம் மேலே இருக்கிறது. 200 கெஜத்தில் குறிவைத்த இடத்திலேயே படும்படி சரிசெய்த .30-06, 10 கெஜத்தில் குறிக்கு ஏறத்தாழ ஓர் அங்குலம் கீழே அடிக்கும். 15 கெஜத்தில் அரை அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் கீழே. 25 கெஜம் தாண்டும்போதுதான் குறிவைத்த இடத்துக்கு வரும். கிரவுஸின் தலை அகலமே ஓர் அங்குலம் அளவுதான். ஸ்ப்ரூஸ் கிரவுஸ் ஆளைக் கண்டு பறக்காமல் அப்படியே உட்கார்ந்திருக்கும் பறவை என்பதால் பெரும்பாலும் 10, 15 கெஜத்தில்தான் கிடைக்கும். உச்சந்தலையைக் குறிவைத்தால் குண்டு கழுத்தில் போகும். கழுத்தைக் குறிவைத்தால் நெஞ்சைப் பிளக்கும். ஸ்கோப்பின் பெருக்கத்தையும் மிகக் குறைந்த அளவுக்கு இறக்கிக்கொள்ளுங்கள். பெரிதாக்கி வைத்திருந்தால் அந்தத் தூரத்தில் படம் மங்கலாகவே தெரியும்.

இதைவிடப் பெரிய ஆபத்து, கிரவுஸ் மரக்கிளையில் உட்கார்ந்திருக்கும்போது. மேல்நோக்கிச் சுட்ட .30-06 குண்டு பறவையைத் துளைத்து 3 மைல்வரைகூடப் போகக்கூடும். வானத்தைப் பின்னணியாக வைத்து இந்தத் துப்பாக்கியால் சுடவே கூடாது. பறவை தரையில் இருந்து, பின்னால் மேடோ சரிவோ இருந்தால் மட்டும் சுடுங்கள். உறைந்த தரையும் பாறையும் மேடு கணக்கில் சேராது. குண்டு தெறிக்கும்.

வெடிமருந்தைக் குறைத்த தோட்டாக்கள் செய்துகொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். ஈயக் குண்டும் வேகமாக எரியும் மருந்தும் கொண்ட இந்த வகை நன்றாகவே வேலை செய்யும். ஆனால் வெடிமருந்து நிறுவனம் அச்சிட்ட அளவைத் தவிர வேறெதையும் நம்பாதீர்கள். வேகமான மருந்து அந்தப் பெரிய தோட்டாக் கூட்டில் அடிப்பாகத்தில் கொஞ்சம்தான் இடம் பிடிக்கும். தவறி இரண்டு முறை போட்டாலும் கண்ணுக்குத் தெரியாது, துப்பாக்கி வெடிக்கும். மெதுவாக எரியும் மருந்தை இஷ்டத்துக்குக் குறைப்பதும் ஆபத்துதான். மிகக் குறைத்துவிட்டால் குண்டு குழலுக்குள்ளேயே சிக்கும். அதைக் கவனிக்காமல் அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் வீங்கும் அல்லது பிளக்கும். இந்தத் தோட்டாக்களை வேறு பெட்டியில், அடியில் வண்ணம் தடவி வையுங்கள். மூஸ் முன்னால் நிற்கும்போது சேம்பரில் (குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறை) இருப்பது இதுவாக இருக்கக் கூடாது.

இனி சாலை. கிரவுஸ் இரைப்பைக்குச் சரளைக்கல் பொறுக்க இலையுதிர் காலத்தில் சாலைக்கு வரும். டெனாலி நெடுஞ்சாலை போன்ற சரளைச் சாலைகளில் விடிகாலையில் பார்க்கலாம். ஆசை வரும் இடமும் அதுதான். கட்டப்பட்ட எந்தச் சாலையிலும், வண்டி ஓடும் பரப்பில் நின்றோ, அங்கிருந்தோ, அதற்குக் குறுக்காகவோ சுடுவது குற்றம். தாராக இருந்தாலும் சரளையாக இருந்தாலும் விதி ஒன்றுதான். நெடுஞ்சாலையில் இது வேட்டை விதி மீறலோடு நிற்பதில்லை, மாநிலக் குற்றவியல் சட்டத்திலும் வருகிறது. என்ஜினை முழுதாக அணைத்து, அது தந்த வேகத்தில் வண்டி நகர்வதும் நின்றால் ஒழிய வண்டியிலிருந்து வேட்டையாடவும் முடியாது. சுகாச், டோங்காஸ் தேசியக் காடுகளில் வீடு, முகாம், மக்கள் கூடும் இடம் ஆகியவற்றிலிருந்து 150 கெஜத்துக்குள் சுடக்கூடாது என்ற மத்திய விதியும் சேர்கிறது. யூகான் ஆற்றுக்கு வடக்கே டால்டன் நெடுஞ்சாலையின் இருபுறமும் 5 மைல் அகலத்துக்குத் துப்பாக்கி வேட்டையே கிடையாது, வில் அம்பு மட்டும்தான். வேறு மாநிலத்துக்குப் போனால் இதே விதி என்று எண்ண வேண்டாம். பென்சில்வேனியாவில் வண்டியை விட்டிறங்கியவர் சாலையிலிருந்து 25 கெஜம் தள்ளிப் போன பிறகே சுடலாம்.

நடைமுறையில் இப்படிச் செய்யுங்கள். பறவையைக் கண்டதும் பிரேக்கை அழுத்தாதீர்கள். கடந்துபோய், சாலையை விட்டு விலகிய இடத்தில் நிறுத்துங்கள். சேம்பர் காலியாக இருக்கட்டும். இறங்கி நடந்து, காட்டுப் பக்கம் போன பிறகு தோட்டாவை ஏற்றுங்கள். சாலைக்கு முதுகு காட்டி நின்றால் போதும் என்று நினைக்காதீர்கள். மலைச்சாலை வளைந்து வரும், உங்கள் குண்டின் பாதையில் அதே சாலை அரை மைல் தள்ளி மறுபடியும் இருக்கலாம். வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். காரின் முன்மூடியில் துப்பாக்கியைச் சாய்த்துச் சுடவும் வேண்டாம். ஸ்கோப்புக்குத் தெளிவாகத் தெரியும் இலக்கைக் குழல் பார்ப்பதில்லை, குண்டு தகரத்தைக் கிழித்துக்கொண்டு போகும்.

ரிச்சர்ட்சன், டால்டன் சாலைகளின் அருகே எண்ணெய்க் குழாயும் ஓடுகிறது. 2001 அக்டோபரில் லிவன்குட் அருகே ஒருவர் .338 துப்பாக்கியால் வேண்டுமென்றே அதைச் சுட்டார். அரை அங்குலம் அளவு தடிமனுள்ள எஃகு துளைபட்டு, சுமார் 2,85,000 கேலன் எண்ணெய் கொட்டியது. பெரிய துப்பாக்கியின் குண்டு எதை எட்டும் என்று சந்தேகம் இருப்பவர்கள் இதை நினைவில் வைக்கலாம்.

வாத்து இனப் பறவைகளை எந்த ரைஃபிளாலும் சுட நாடு முழுவதும் தடை. அவற்றுக்குச் சிறு ரவைகளைச் சிதறவிடும் ஷாட்கன் தேவை.

என்னைக் கேட்டால், வண்டியில் ஒரு .22 கூடுதலாக இருப்பதே நல்லது. இடமில்லை என்றால், புறப்படும் முன் மைதானத்தில் 10, 15, 25 கெஜத்தில் தாளில் மும்மூன்று குண்டு சுட்டு, எங்கே படுகிறது என்று அளந்து, அந்த எண்களை டேப்பில் எழுதித் துப்பாக்கியின் கட்டையில் ஒட்டிக்கொள்ளுங்கள்.