மலைக்கும் ஓட்டத்துக்கும் மெல்லிய ஹூடி: கேள்வி பதில்

மலையேற்றத்துக்கும் காட்டுவழி ஓட்டத்துக்கும் உடம்போடு முதல் அடுக்காகப் போடும் மெல்லிய ஹூடி பற்றிக் கேளுங்கள் என்று அறிவித்திருந்தேன். பின்னல் துணிகளைச் சோதிக்கும் வேலையில் நெடுங்காலம் இருந்தவன் நான். விடுமுறை கிடைத்தால் மலைநாட்டுக்குப் பஸ் ஏறுகிறவன். சப்பாத்து, முழங்கால் வலி, சத்துணவு ஆகியவை என் துறை அல்ல. கேட்டவர்களை அவரவர் ஊர்ப் பெயரால் குறித்திருக்கிறேன்.

கோண்டாவில்: அண்ணா, நம்முடைய வெயிலில் சட்டை போடுவதே பாரமாக இருக்கிறது. இதில் முக்காடு வைத்த நீளக்கைச் சட்டை எதற்கு?

அந்த வெயிலுக்காகத்தான் தம்பி. சித்திரை நடுவிலும், நல்லூர்த் திருவிழா நடக்கும் ஆவணிக் காலத்திலும் சூரியன் யாழ்ப்பாணத்துக்கு நேர் உச்சியில் வருகிறது. தோலைச் சுடும் கதிரின் கடுமையைக் காட்டும் புற ஊதாச் சுட்டெண் நடுப்பகலில் 11ஐத் தாண்டுவது அப்போது வழக்கம். தொப்பி நெற்றியைக் காப்பாற்றும். காதும் பிடரியும் எரியும். முக்காடு இருப்பது அந்த இரண்டுக்காக.

துணியின் காப்பை யூபிஎஃப் என்ற எண்ணால் குறிப்பார்கள். 50 என்றால் மேலே விழும் புற ஊதாக் கதிரில் ஐம்பதில் ஒரு பங்குதான், அதாவது 2 சதவீதம்தான், தோலுக்குப் போகிறது. சாதாரண வெள்ளைப் பருத்தி ரீசேர்ட் உலர்ந்திருக்கும்போது 5 முதல் 7 வரை காட்டும். வியர்வையில் நனைந்து தோலோடு ஒட்டிவிட்டால் 3 அளவுக்கு இறங்கிவிடும். இழுபட்டு விரிந்த துணியும் அப்படித்தான். ஆகவே உடம்பைப் பிடிக்கும் அளவை வாங்காதீர்கள். ஒரு அளவு கூட்டி வாங்குங்கள்.

வெக்கை பற்றிய உங்கள் பயம் நியாயமானது. நெஞ்சுவரை திறக்கும் ஸிப் உள்ளதாகப் பாருங்கள். பண்ணைப் பாலத்தில் சோளகம் வீசும் மாலையில் ஓடினால், காற்று துணிக்குள் புகுந்து வியர்வையை உலர்த்துவது தெரியும். காற்றில்லாத ஒழுங்கைக்குள் திரும்பியதும் முக்காட்டைப் பின்னால் தள்ளிவிடுங்கள். தலையை மூடிக்கொண்டு, காற்றே இல்லாத இடத்தில் வேகமாக ஓடுவது உயிருக்கே ஆபத்து.

சாவகச்சேரி: எத்தனை கிராம் துணி வாங்க வேண்டும்?

ஒரு சதுர மீற்றர் 100 முதல் 130 கிராம் வரை இருந்தால் ஓட்டத்துக்கு ஏற்றது. 150 அளவு மலை நடைக்கு நல்லது. லேபிளில் எண் இல்லாவிட்டால் சமையலறைத் தராசில் சட்டையை வையுங்கள். நடுத்தர அளவுச் சட்டை முக்காட்டோடு 200 கிராமுக்குள் நின்றால் அது மெல்லியது. 300ஐத் தாண்டினால் அது குளிருக்கானது, யாழ்ப்பாணத்தில் அலுமாரிக்குள்தான் கிடக்கும்.

ரொறன்ரோ: மணற்காட்டுச் சவுக்குக் காட்டில் ஓடும் தம்பிக்கு மெரினோ கம்பளி ஹூடி வாங்கி அனுப்பலாமா? இங்கே எல்லோரும் அதைத்தான் புகழ்கிறார்கள்.

அக்கா, அவர்கள் புகழ்வதில் பொய் இல்லை. மெரினோ தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை ஆவியாகவே உள்வாங்கும். பல நாள் போட்டாலும் நாறாது. ஆனால் நன்றாக நனைந்துவிட்டால் உலர நேரம் எடுக்கும். மெல்லிய மெரினோ முதுகுப்பையின் வார் உரசும் இடத்தில் ஓட்டை விழும், பூச்சியும் அரிக்கும். மணற்காட்டில் ஓடுகிறவர் வீட்டுக்கு வந்ததும் தோய்த்துக் காயப்போடுவார், நாற்றம் அவருக்குப் பெரிய பிரச்சினை அல்ல. மெல்லிய பொலியெஸ்டரோ நைலோனோ அனுப்புங்கள், பணமும் மிஞ்சும்.

இன்னொன்றும் சொல்லுங்கள். காய்ந்த மணலில் பட்டுத் தெறிக்கும் கதிர் கீழிருந்து முகத்துக்கு வருகிறது. முக்காடு அதை மறைக்காது. முகத்துக்கு வெயில் களிம்பு பூசித்தான் ஆக வேண்டும்.

சோனகத்தெரு: நான் ஹிஜாப் அணிகிறவள். அதன்மேல் முக்காடும் போட்டால் மூச்சு முட்டுகிறது. என்ன செய்யலாம்?

இரண்டு அடுக்கு வேண்டாம் தங்கச்சி. தலையைச் சுற்றி இறுகி, நாடியின் கீழ்வரை மூடும் வெட்டில் சில ஹூடிகள் வருகின்றன. அதுவே தலைமுடி, காது, கழுத்து மூன்றையும் மறைத்துவிடும். மூன்று துண்டு சேர்த்துத் தைத்த முக்காடாகப் பாருங்கள். இரண்டு துண்டில் தைத்ததற்கு நடு உச்சியில் தையல் வரும், தொப்பி போட்டால் அது அழுத்தும். கடையிலேயே போட்டுத் தலையை இடமும் வலமும் திருப்பிப் பாருங்கள். முக்காடு தலையோடு சேர்ந்து திரும்ப வேண்டும். துணி நின்ற இடத்தில் நிற்க முகம் மட்டும் உள்ளே திரும்பினால் வாங்காதீர்கள், பக்கத்தில் வரும் வாகனம் தெரியாது. பின்னல் வெளியே விட ஓட்டை வைத்த முக்காடுகளும் உண்டு, அவை உங்களுக்கு ஆகாது.

நல்லூர்: எந்த பிராண்ட் நல்லது?

பெயரைப் பார்க்காதீர்கள், தையலைப் பாருங்கள். தோள்மூட்டின்மேல் தையல் ஓடாத சட்டை, உள்ளே தடவினால் விரலுக்குத் தட்டுப்படாத தட்டைத் தையல். இந்த இரண்டும் இருந்தால் போதும்.

உரும்பிராய்: தம்பி, என் தகப்பனார் புகையிலைத் தோட்டத்தில் பருத்திச் சால்வையைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டு நாள் முழுவதும் நின்றவர். நீர் பிளாஸ்டிக் நூலைப் போட்டு ஓடச் சொல்கிறீர். உடம்பு வேகாதா?

ஐயா, தோட்டத்தைப் பொறுத்தவரை உங்கள் தகப்பனார் செய்தது முற்றிலும் சரி. பருத்தி தண்ணீரைப் பிடித்துவைத்து மெதுவாக ஆவியாக்கும். தளர்வான உடையும் வீசும் காற்றும் இருந்தால், அந்த ஆவியாதலே உடம்பைக் குளிர்விக்கும். சமவெளியில் வெயிலுக்குள் மெதுவாக வேலை செய்கிறவருக்குப் பருத்தியை விட்டுவிடச் சொல்ல எனக்கு ஒரு காரணமும் இல்லை.

மலையில்தான் கணக்கு மாறுகிறது. உயரம் 1000 மீற்றர் கூடினால் வெப்பநிலை ஏறக்குறைய 6.5 பாகை குறையும். சிவனொளிபாத மலை 2243 மீற்றர். இங்கே இரவு 26 பாகை என்றால் அங்கே உச்சியில் 12 அளவில் நிற்கும், அதன்மேல் காற்று. தண்ணீர் காற்றைவிட இருபத்தைந்து மடங்கு வேகமாக உடம்புச் சூட்டைக் கடத்தும். ஏறும்போது பருத்தி குடித்த வியர்வை, நீங்கள் உட்கார்ந்த நிமிடத்திலிருந்து உங்கள் சூட்டை இழுக்கத் தொடங்கும். பொலியெஸ்டர் நூல் தன் எடையில் அரைச் சதவீதம் ஈரத்தைக்கூட உள்ளே எடுப்பதில்லை. ஈரம் நூல்களுக்கு இடையே பரவி, விரைவில் காய்ந்துவிடும்.

நான் எல்லோருக்கும் சொல்வது இதுதான்: ஓடும் இடத்தைப் பார்த்துத் துணி எடுக்காதீர்கள், நிற்கப்போகும் இடத்தைப் பார்த்து எடுங்கள்.

வேலணை: பருவகாலத்தில் எத்தனையோ ஆயிரம் பேர் பருத்திச் சேலையோடும் சாரத்தோடும் சிவனொளிபாத மலை ஏறுகிறார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லையே?

விடியற்காலை நான்கு மணிக்கு உச்சிப் படிகளில் நின்று பாருங்கள். மலையடிவாரத்து நல்லதண்ணி என்ற ஊரில் நள்ளிரவுக்கு முன்பே புறப்பட்டவர்கள் சூரிய உதயத்துக்காகச் சுவரோரம் குந்தியிருப்பார்கள். சட்டையின் முதுகு, பை பட்ட வடிவிலேயே கறுத்து நனைந்திருக்கும். பிள்ளையின் பல் அடிக்கும் சத்தம் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கும். தகப்பன் தன் சட்டையைக் கழற்றிப் போர்த்துவான், அதுவும் ஈரம். ஒன்றும் ஆகவில்லை என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஹூடி வாங்கத்தான் வேண்டும் என்று இல்லை. உலர்ந்த சட்டை ஒன்றைப் பைக்குள் நனையாமல் சுற்றி எடுத்துப்போங்கள். உச்சிக்குச் சற்றுக் கீழே நின்று, நனைந்ததைக் கழற்றி உலர்ந்ததைப் போட்டுக்கொண்டு ஏறுங்கள். உதயத்துக்கு அரை மணி முன்னால் சேரும்படி பிந்திப் புறப்படுங்கள். இந்த இரண்டுக்கும் ஒரு சதமும் செலவில்லை.

தொண்டைமானாறு: செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறோம். நாங்களும் இதை வாங்க வேண்டுமா?

வேண்டாம். உங்கள் வழி கரையோரமாகப் போவது, குளிர் இல்லை. வேட்டியும், தலைக்குப் பருத்திச் சால்வையும் போதும். சால்வையைக் கிணற்றில் நனைத்துப் போட்டால் இன்னும் நல்லது. குமண, யால காட்டுப் பகுதியில் கைகளை மூடும் சட்டை ஒன்று மட்டும் இருக்கட்டும்.

உரும்பிராய்: அப்படியென்றால் பருத்திதான் வென்றது!

சமவெளியில் நடைக்கு வென்றது ஐயா, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சமவெளியிலும் இரண்டு மணி நேரம் ஓடுகிறவருக்கு நனைந்த பருத்தி அக்குளிலும் முலைக்காம்பிலும் உரசி இரத்தம் வரவைக்கும். மலை உச்சியில் அது தோற்கும். பேரப்பிள்ளைகளோடு மலைக்குப் போனால் தயவுசெய்து அவர்களுக்குப் பருத்தி போடாதீர்கள். இதற்குப் பின் பருத்தி பற்றிக் கேட்பவர்கள் மேலே உள்ளதை வாசியுங்கள்.

மானிப்பாய்: வாங்கியபோது வியர்வையை நன்றாக உறிஞ்சிய சட்டை, ஆறு மாதத்தில் பொலித்தீன் போட்டதுபோல ஆகிவிட்டது. நாற்றமும் போகவில்லை. துணி போலியா?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். துணியில் பிழை இல்லை, உங்கள் கிணற்றில் இருக்கிறது காரணம். குடாநாடு முழுவதும் சுண்ணாம்புக் கல்லின்மேல் இருக்கிறது. நம்முடைய தண்ணீர் கடின நீர். கேத்தலுக்குள் வெள்ளையாகப் படிவது அதுதான். கட்டிச் சவர்க்காரம் போட்டால் அது சுண்ணாம்போடு சேர்ந்து கரையாத பிசுக்காக மாறி நூலில் ஒட்டிக்கொள்ளும். பிசுக்குப் படிந்த நூல் ஈரத்தைப் பரப்பாது. உடம்பு எண்ணெயும் கிருமியும் அதற்குள் தங்கிவிடும், நாற்றம் அங்கிருந்து வருகிறது.

சட்டையை உட்புறம் வெளியே திருப்பி, முதுகுப் பகுதியில் ஒரு துளி தண்ணீர் விடுங்கள். நல்ல துணியில் துளி உடனே சப்பையாகி ஒரு நாணயத்தின் அளவுக்குப் பரவும். முத்துப்போல உருண்டு நின்றால் பிசுக்கு ஏறிவிட்டது. வெதுவெதுப்பான தண்ணீரில் சிறிது வெள்ளை வினாகிரி கலந்து அரை மணி நேரம் ஊறவைத்து அலசுங்கள். பிறகு சலவைத் திரவம் மட்டும். மழைநீர் பிடித்து வைத்திருந்தால் கடைசி அலசலுக்கு அதைவிட நல்லது இல்லை.

துணியை மென்மையாக்கும் வாசனைத் திரவத்தை ஒருபோதும் ஊற்றாதீர்கள். அது நூலின்மேல் பூச்சாகப் படிந்து இதே கேட்டைச் செய்யும். நிழலில் காயப்போடுங்கள், வெயில் நைலோனையும் இழுபடும் நூலையும் அரித்துவிடும்.

கரவெட்டி: சப்பாத்து எது…

என் துறை அல்ல.

கொக்குவில்: எந்த பிராண்ட் வாங்கலாம்?

நல்லூர்க்காரருக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

பருத்தித்துறை: மலைநாட்டு அட்டைக்கு முக்காடு காப்பா?

பெரும்பாலும் இல்லை. அட்டை நிலத்திலிருந்தும் புல்லிலிருந்தும் ஏறுகிறது. நெருக்கமாக நெய்த அட்டைக் காலுறைக்குள் காற்சட்டையைச் செருகிக் கட்டுங்கள், சட்டையை இடுப்புக்குள் விடுங்கள். அட்டை மேலே ஏறினாலும் துணிக்கு வெளியே தெரியும், தட்டிவிடலாம்.

கொழும்புத்துறை: நகரத்தில் ஏற்றுமதி மிச்சம் என்று விற்பதை நம்பலாமா?

நம்பலாம், பார்த்து வாங்கினால். லேபிள் வெட்டியிருந்தால் வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். கையின் உருவம் தெளிவாகத் தெரிந்தால் வெயிலும் அப்படியே உள்ளே வரும். சட்டைக் கையின் மணிக்கட்டு விளிம்பை இழுத்துவிடுங்கள், பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும். ஒரு துளித் தண்ணீர் விட்டுப் பார்க்கக் கடைக்காரரிடம் கேளுங்கள். மறுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.

திருநெல்வேலி: இந்தச் சனிக்கிழமை ஹோட்டன் சமவெளிக்குப் போகிறோம். பருத்தி ரீசேர்ட் போதுமா? அல்லது எந்த பிராண்ட்…

இரண்டுக்கும் பதில் மேலே இருக்கிறது. அங்கே நிலமே 2100 மீற்றருக்கு மேல். வாசல் காலை ஆறு மணிக்குத் திறக்கும், அந்த நேரத்தில் கை விறைக்கும். மெல்லிய ஹூடியை உள்ளேயும், காற்றைத் தடுக்கும் சட்டையை மேலேயும் போடுங்கள். நடக்கத் தொடங்கிப் பத்து நிமிடத்தில் மேல்சட்டையைக் கழற்றிவிடுங்கள், வியர்த்த பிறகு கழற்றிப் பயனில்லை. உலக முடிவு என்ற மலை விளிம்பில் நின்று படம் எடுக்கும்போது மறுபடி போடுங்கள், முக்காட்டையும் இழுத்துவிடுங்கள். மாற்றுச் சட்டையைப் பொலித்தீன் பையில் சுற்றாதீர்கள்; வாசலில் பையைத் திறந்து பார்த்துப் பொலித்தீனை எடுத்துவிடுவார்கள். ஸிப் வைத்த நீர்புகாத் துணிப்பை கொண்டுபோங்கள்.