சின்னவளின் மஞ்சள் காமாலை

கேள்வி: என் 17 வயது மகனுக்குக் கை நடுங்குகிறது, பேச்சு குழறுகிறது. வில்சன் நோய், பரம்பரையில் வருவது என்கிறார்கள். நான் கட்டிக்கொண்டது என் தாய்மாமனைத்தான். ‘எல்லாம் உன் வயிற்றிலிருந்து வந்த வினை’ என்று மாமியார் தினமும் பேசுகிறார். தவறு என்மேலா? சின்னவள் (12) நன்றாக இருக்கிறாள், 9 வயதில் வந்த மஞ்சள் காமாலைகூடக் கீழாநெல்லியில் சரியாகிவிட்டது. அவளை என் தம்பி மகனுக்குப் பேசி வைத்திருப்பதால் டெஸ்ட் எதுவும் வேண்டாம் என்கிறார் கணவர்.

பதில்: மாமியார் பேச்சை முதலில் முடித்துவிடுகிறேன். ஏடிபி7பி என்கிற மரபணு, அப்பா கொடுத்ததும் அம்மா கொடுத்ததும் இரண்டுமே பழுதாக இருந்தால்தான் இந்த நோய் வரும். பாதி உங்களுடையது என்றால் மறுபாதி அவர் பெற்ற மகனுடையது. அவர் உங்கள் அம்மாவையும் பெற்றவர்தானே, ஒரே வீட்டுப் பழுது உங்கள் இருவருக்கும் இறங்கியிருக்கலாம். சொந்தத்தில் கட்டினால் இந்த வாய்ப்பு கூடும். சரி, அது போகட்டும்.

சின்னவளின் காமாலையை ஒரே வரியில் தாண்டிப் போகிறீர்களே, எனக்குப் பகீர் என்றது. சாப்பாட்டில் வரும் தாமிரத்தில் உடம்புக்கு வேண்டியது போக மிச்சத்தைப் பித்தநீர் வழியே வெளியேற்ற அந்த மரபணு வேண்டும். அது கெட்டால் தாமிரம் முதலில் சேரும் இடம் கல்லீரல், அங்கே நிரம்பி மூளைக்குப் போன பிறகுதான் உங்கள் மகனுக்கு வந்த நடுக்கமும் குழறலும். சில பிள்ளைகளுக்கு முதலில் தெரிவதே காமாலைதான், அது தானாக வடிந்தாலும் நாம் கீழாநெல்லிக்குப் பெயர் கொடுத்துவிடுவோம். அவளுக்கு வந்தது சாதாரணக் காமாலையாகவும் இருக்கலாம். ஆனால் கூடப்பிறந்தவளுக்கு இந்த நோய் இருக்க நாலில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கும்போது, பார்க்காமலே ‘நன்றாக இருக்கிறாள்’ என்று எப்படி எழுதினீர்கள்?

12 வயதுப் பிள்ளைக்கு என்ன கல்யாணப் பேச்சு? அதுவும் உங்கள் தம்பி மகனும் அதே பழுதைச் சுமக்கலாம் எனும்போது? தம்பிக்குக் கொடுத்த வாக்கெல்லாம் அப்புறம், பெற்றவர்களுக்கு முதல் கடமை அவள் உடம்பு.

மகனுடைய ஃபைலை எடுத்துக்கொண்டு இந்த வாரமே அவளைக் கூட்டிப் போங்கள். ரத்தத்தில் தாமிரத்தைச் சுமக்கும் புரதமான செருலோபிளாஸ்மின், 24 மணி நேரச் சிறுநீரில் தாமிரம், அப்புறம் கருவிழி ஓரத்தில் பழுப்பு வளையம் இருக்கிறதா என்று கண் பரிசோதனை. வளையம் இல்லை என்றதும் நிம்மதியாகத் திரும்பிவிடாதீர்கள், நோய் கல்லீரலோடு நிற்கும் பிள்ளைகளுக்கு அது பல நேரம் இருக்காது. மகனிடம் கண்டுபிடித்த மரபணுப் பழுதை அவளிடமும் தேடிப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். நோய் இருந்தாலும், இப்போதே மாத்திரை தொடங்கி ஆயுசுக்கும் நிறுத்தாமல் சாப்பிட்டால் அண்ணன் படுகிற பாட்டை அவள் படாமலே வளரலாம். வீட்டில் செம்புப் பானைத் தண்ணீர் குடிக்கிற பழக்கம் இருந்தால் இரண்டு பிள்ளைகளுக்கும் இன்றே நிறுத்துங்கள்.